சொந்த லாட்ஜில் பதினான்கு நாள்

விமானம் ஏறுவதற்கு மூன்று நாள் முன்பு, மஸ்கட்டில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன். அந்தச் சேதியை என் கணவரிடம் சொல்லாமலே திண்டுக்கல் வந்து இறங்கினேன். நேரில் பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். போனில் சொல்வதைவிட நேரில் சொல்வதுதான் கஷ்டம் என்பது காரை விட்டு இறங்கியவுடனே தெரிந்துவிட்டது.

எங்கள் லாட்ஜ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் இருக்கிறது. ஒன்பது அறைகள். கீழே வரவேற்பு மேசை, அதற்குப் பின்னால் இரண்டு சின்ன அறைகள். அந்த இரண்டுக்குள்தான் என் கணவர் அருளும் எங்கள் மகள் செலினும் குடியிருக்கிறார்கள். நான் நர்ஸ் வேலைக்குப் போனபோது செலினுக்கு ஐந்து வயது. இப்போது ஒன்பது. நடுவில் ஒரே ஒரு முறை வந்திருக்கிறேன். இந்த முறை அவளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அதற்காகத்தான் பதினான்கு நாள் விடுப்பு.

மே மாதம் என்பதால் கொடைக்கானல் கூட்டம். உள்ளே நுழைந்தபோது மூன்று குடும்பங்கள் பெட்டிகளோடு நின்றுகொண்டிருந்தன. அவர்களுக்கு நடுவில் சாவிக்கொத்தோடு அருள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஆனால் கை சாவியைத்தான் தேடிக்கொண்டிருந்தது.

"வந்துட்டியா டெய்சி? செத்த நேரம் ஒக்காரு. இவங்களுக்கு ரூமக் காட்டிட்டு வாரேன்."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர், "நீங்களும் கொடைக்கானலா?" என்று கேட்டார். "இல்லைங்க, வீட்டுக்கு வந்திருக்கேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

பிறகு செலின் வந்தாள். வீடியோவில் பார்த்ததைவிட உயரம். ஒரு கணம் என் முன்னால் நின்று சிரித்தாள். நான் அணைத்துக்கொண்டபோது நேராக நின்று வாங்கிக்கொண்டாள். பிறகு என் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"வாங்கம்மா. உங்களுக்கு ஆறாம் நம்பர். அதுலதான் ஏசி நல்லா இருக்கும்னு அப்பா சொன்னாங்க."

கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, பாத்ரூம் குழாயைத் திருகிப் பார்த்தாள். "சுடுதண்ணி காலையில அஞ்சுலருந்து எட்டு வரைக்கும் வரும். குடிக்கிற தண்ணி பாட்டில் டேபிள்ல இருக்கு. டீ வேணும்னா பெல் அடிங்க." எல்லாருக்கும் சொல்வதை எனக்கும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். வாசலில் நின்று திரும்பி, "எத்தன நாள் தங்குவீங்க?" என்றாள்.

"பதினாலு."

தலையாட்டிவிட்டுப் போனாள்.

மஸ்கட்டில் மூன்று மலையாள நர்ஸ்களோடு ஒரே அறையில் இருக்கிறேன். என் கட்டிலைச் சுற்றி ஒரு திரை, அவ்வளவுதான் என் இடம். இங்கே எனக்குத் தனி அறை, தனிக் குளியலறை, கதவில் எண். கட்டிலில் உட்கார்ந்தேன். விரிப்பை மடித்துச் சொருகியிருந்த நேர்த்தியைப் பார்த்தேன். வெளியே ஹாரன் சத்தம் ஓயவில்லை. மஸ்கட் சாலைகளில் நாள் முழுக்கக் கேட்டாலும் நாலு ஹாரன் கேட்காது. அங்கே இருக்கும்போது இந்தச் சத்தத்துக்காக எவ்வளவு ஏங்கியிருக்கிறேன்! இப்போது அது காதில் விழ விழத் தலை வலித்தது.

மறுநாள் பதினோரு மணிக்கு அருள் எங்களைப் பிரியாணி சாப்பிடக் கூட்டிப்போனார். காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் பிரியாணி சாப்பிடுகிற ஊர் இது. மஸ்கட்டிலும் பிரியாணி கிடைக்கிறது. அரிசி நீளமாக, அழகாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கும். பசி தீரும். இங்கே சீரகச் சம்பாவின் முதல் கவளத்தை விழுங்க மனம் வராமல் வாயிலேயே வைத்திருந்தேன். செலின் தன் இலையிலிருந்து நெஞ்செலும்பு ஒன்றைத் தேடி எடுத்து அப்பாவின் இலையில் வைத்தாள். அருளுக்கு நெஞ்செலும்பு பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. பத்து வருடத்துக்கு மேலாக அவருக்கு மனைவி நான்.

அவர் அதைக் கடிப்பதற்குள் போன் வந்தது. மூன்றாம் நம்பரில் குழாய் அடைக்க முடியவில்லை, தண்ணீர் வழிகிறது. "நீங்க சாப்ட்டு வாங்க, நான் போறேன்" என்று கையைக் கழுவிவிட்டு ஓடினார். தண்ணீர் லாரி இரண்டு நாளைக்கு ஒரு முறை வரும் ஊரில் வழிகிற குழாயை விட்டுவிட்டு உட்கார முடியாது. செலின் அவருடைய இலையை மூடிப் பார்சல் கேட்டாள்.

மஸ்கட்டிலிருந்து புதுநன்மைக்கு ஒரு வெள்ளை கவுன் வாங்கி வந்திருந்தேன். கழுத்தில் சின்ன முத்துகள், மூன்று அடுக்குப் பாவாடை. வீடியோவில் பார்த்து அளவை ஊகித்தது. திங்கட்கிழமை போட்டுப் பார்த்தால் முதுகில் நான்கு விரல் இடைவெளி. செலின் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு, "சரியாத்தான் இருக்கு" என்றாள். முகம் சிவந்துவிட்டது.

லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்கிற மாரியக்கா துவைத்த விரிப்புகளோடு அந்தப் பக்கம் வந்தார். எரியோட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். நான் போனதிலிருந்து செலினுக்குத் தலைவாரி விடுவதும் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்வதும் அவர்தான். எங்களைப் பார்த்துவிட்டு விரிப்புகளைக் கீழே வைத்தார். பிறகு உள்ளே போய் ஒரு துணிப்பையை எடுத்து வந்தார். அதில் இன்னொரு வெள்ளை கவுன்.

"கோவிச்சுக்கிறாதம்மா. போன மாசமே டெய்லர்கிட்டக் குடுத்துத் தச்சது. நீ வாங்கிட்டு வாரேன்னு போன்ல சொன்னியா, பிள்ளை, 'அக்கா, இத எடுத்து ஒளிச்சு வச்சிருங்க, அம்மா வருத்தப்படுவாங்க'ன்னுச்சு."

செலின் தரையைப் பார்த்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை என் மனம் நோகாமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். விருந்தாளிகளின் குறை நிறைகளைப் பார்த்து வளர்ந்தவள் அல்லவா! தைத்த கவுன் அவளுக்குக் கச்சிதமாக இருந்தது. "இதையே போட்டுக்க, ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு, குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த மாரியக்கா ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே இன்சுலின், ஊசிகள், சர்க்கரை பார்க்கும் கருவி, மருந்துச் சீட்டு. சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்த ஒரு வயதான தம்பதி குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று வைக்கக் கொடுத்தது. விடியற்காலை ஐந்து மணிக்கே அறையைக் காலி செய்து பழனிக்குப் போய்விட்டார்கள். அவர்கள் கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் போட்டால் அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது.

"காலை ஊசியே போட்டிருக்க மாட்டாங்க" என்றேன். எனக்குப் பதற்றமாகிவிட்டது.

"எனக்குத் தெரியும் எங்க தங்குவாங்கன்னு" என்றாள் செலின். "அந்தத் தாத்தா சொன்னாங்க. அடிவாரத்துல குதிரை வண்டி நிக்கிற எடத்துக்கு எதுத்தாப்ல, வெளியில படி வச்ச லாட்ஜாம். வருசா வருசம் அங்கதானாம்."

பத்து மணிக்கு ஒரு பஸ் நிறைய ஆட்கள் வரவிருந்ததால் அருளால் நகர முடியாது. "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வந்துருங்க" என்றார். மருந்தைத் துணியில் சுற்றி, ஐஸ் நேராகப் படாதபடி ஃபிளாஸ்க்கில் வைத்தேன். உறைந்துபோனால் இன்சுலின் வீண். ஊசிகளையும் கருவியையும் சீட்டையும் என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். என் வேலை எனக்குத் தெரியும் என்கிற தெம்பு, ஊருக்கு வந்த பிறகு முதல் தடவையாக அப்போதுதான் வந்தது.

"மேல வச்சிராதீங்க, மடியிலயே வச்சுக்கங்க" என்று பஸ் ஏறும்போது செலின் சொன்னாள். சரி என்றேன். ஒட்டன்சத்திரத்தில் கூட்டம் ஏறியது. சந்தைக்கு வந்தவர்கள், முருங்கைக்காய்க் கட்டு, வெங்காய வாசனை. குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ள ஃபிளாஸ்க்கை மேலே கம்பித் தட்டில் வைத்தேன்.

ஒட்டன்சத்திரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டமார் என்று டயர் வெடித்தது. எல்லாரும் இறங்கிப் புளியமர நிழலில் நின்றோம். சாலையோரத்தில் நுங்கு விற்றவருக்கு நல்ல நேரம். "ஏனுங்க, நுங்கு சாப்புடறீங்களா? வெயிலுக்கு நல்லதுங்க" என்று ஒவ்வொருவரிடமும் வந்தார். எங்களோடு வந்த மலையாளி ஒருவர் போனில் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார். என் அறைத் தோழிகளின் புண்ணியத்தில் எனக்கு மலையாளம் நன்றாகப் புரியும். "வண்டி நின்றுவிட்டது. பயப்படாதே, நிழல் இருக்கிறது. பிள்ளைகள் சாப்பிட்டார்களா? சின்னவனிடம் போனைக் கொடு… சரி, கோபமாக இருந்தால் கொடுக்க வேண்டாம். அவன் பக்கத்தில் வை, நான் பேசுகிறேன்." இதைச் செலினுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நுங்கைப் பெருவிரலால் குத்தி உறிஞ்சிக்கொண்டே, "நானும் அந்தப் பையன் மாதிரித்தான் செய்வேன்" என்றாள்.

பின்னால் வந்த இன்னொரு பஸ்ஸில் கண்டக்டர் எங்களை ஏற்றிவிட்டார். இடித்துப் பிடித்து ஏறி, பஸ் நகர்ந்த பிறகுதான் செலின் என் கைகளைப் பார்த்தாள்.

"ஃபிளாஸ்க் எங்க?"

"மேல… அந்த பஸ்ல…"

"மேல வச்சியா? நான் சொன்னேன்ல மடியில வச்சுக்கன்னு! நீ ஏன் மேல வச்ச? ஒனக்கு ஒண்ணுமே தெரியல! அண்ணே, நிறுத்துங்கண்ணே! நிறுத்துங்க!"

விசில் அடித்தது. பஸ் நிற்பதற்குள் அவள் படியில் இருந்தாள். இறங்கி ஓடினாள். பின்னால் நானும். வெயிலில் தார் பளபளத்தது. அவள் பின்னல் முதுகில் அடித்துக்கொண்டே ஓடியது. நான் பாதி தூரம் போவதற்குள் ஃபிளாஸ்க்கைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். மூச்சு வாங்கியது. என்னைப் பார்க்காமல் கடந்து போய் பஸ்ஸில் ஏறினாள்.

பின்னாலேயே ஏறிய எனக்கு அழுகை வந்தது. மகள் எல்லார் முன்னாலும் திட்டிவிட்டாள் என்று அழுகிறேன் என நினைத்தோ என்னவோ, ஒரு அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். நான்கு வருடமாகப் போனில் "நல்லா இருக்கீங்களா? சாப்டீங்களா?" என்று மரியாதையாகக் கேட்கிற பிள்ளை. அவள் அப்பாவிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவாள், ஆனால் கோபம் வந்தால் அவர் முதுகில் குத்துவாள். என்மேல் அவள் இதுவரை கோபத்தைக் காட்டியதே இல்லை. 'நீ' என்று அவள் சொன்னது காதிலேயே நின்றது. பழனி வரை அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் இடமில்லாததால் என் மடியில்தான் உட்கார்ந்தாள். என் கால்கள் மரத்துப்போயின. நகர்த்தவில்லை.

அடிவாரத்தில் இறங்கியதும் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். "ரூம் வேணுங்களா? அட்டாச்சுடு பாத்ரூம் இருக்குதுங்க." செலின் நடந்துகொண்டே, "வேணாமுங்க, எங்களுக்கே திண்டுக்கல்ல லாட்ஜ் இருக்குதுங்க" என்றாள். அந்த ஊர்ப் பேச்சை எங்கே பிடித்தாள் என்று தெரியவில்லை. லாட்ஜை அவளே கண்டுபிடித்தாள்.

பெரியவர் கட்டிலில் சோர்ந்து கிடந்தார். பக்கத்தில் மூன்று காலித் தண்ணீர் பாட்டில்கள். அவருடைய மனைவி டப்பாவைத் தேடித் திண்டுக்கல்லுக்குத் திரும்பக் கிளம்பிக்கொண்டிருந்தார். செலினைப் பார்த்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டார். நான் விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்தேன். ஏறித்தான் இருந்தது. சீட்டில் எழுதியிருந்த அளவுக்கு ஊசி போட்டு, இட்லி வாங்கி வரச்சொல்லிச் சாப்பிட வைத்து, மறுபடி பார்க்கும் வரை உட்கார்ந்திருந்தோம். எண் இறங்கத் தொடங்கியது. பெரியவர் எழுந்து சாய்ந்து உட்கார்ந்தார்.

"இம்புட்டுத் தூரம் இதுக்காக வந்தீயளா? இவுக யாரு தாயி?" என்று அந்த அம்மா செலினிடம் கேட்டார்.

"எங்க அம்மா. நர்ஸ். மஸ்கட்ல இருக்காங்க." கொஞ்சம் நிறுத்தி, "லீவுக்கு வந்திருக்காங்க" என்றாள்.

திரும்பும்போது படியில் நின்று, "அவங்க தலகாணி உறை நம்மதவிட வெள்ளையா இருக்கும்மா. என்ன போட்டுத் துவைக்கிறாங்கன்னு கேக்கவா?" என்றாள். கீழே போய்க் கேட்டாள். அந்த லாட்ஜ்காரர் சொட்டு நீலத்தின் அளவைச் சொல்லிக்கொடுத்தார். பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவள் பேசினாள். எந்த விருந்தாளி துண்டைத் திருடுவார், எந்த அறையில் பல்லி, அப்பா எதற்குக் கோபப்படுவார். நான்கு வருடத்தில் போனில் சொல்லாததையெல்லாம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மாரியக்கா தைத்துக்கொடுத்த கவுனில் செலின் கோயிலுக்கு வந்தாள். கையில் மெழுகுவர்த்தி. வரிசையில் மற்ற பிள்ளைகளோடு அவள் போனபோது அருள் தொண்டையைச் செருமிக்கொண்டார். மதியம் மாரியக்கா கோழிக்குழம்பும் தொட்டுக்கொள்ள இரண்டு வெஞ்சனமும் வைத்தார். அன்று அறைகள் நிறைந்திருந்தும் யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. அருள் போனை அணைத்து வைத்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

சாப்பிட்டதும் என்னை மாடிக்குக் கூட்டிப்போனார். மேல்தளத்தின் மூலையில் ஒன்பதாம் நம்பர். கதவில் எண்ணைக் கழற்றியிருந்தார்கள். உள்ளே புது வெள்ளையடிப்பு. ஜன்னலுக்கு நேராக மலைக்கோட்டை. பக்கத்து ஸ்டோர் ரூமை இடித்துச் சேர்த்து ஒரு சமையல் மேடை, பாத்திரம் கழுவும் தொட்டி, இன்னும் பற்றவைக்காத கேஸ் அடுப்பு.

"இனிமே இது ரூம் இல்ல டெய்சி. நம்ம வீடு. நீ வந்து இங்க இருந்துக்க. அக்ரிமெண்ட் அடுத்த மாசம் முடியுதுல்ல?"

அப்போது சொன்னேன். வேறு வழியில்லை.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எப்பப் போட்ட?"

"கெளம்புறதுக்கு மூணு நாள் முன்னாடி."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன்."

மேல்தளம் கட்டியது என் சம்பளத்தில்தான், செலின் படிப்பு இருக்கிறது என்று காரணங்கள் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் எனக்கே தெரியாமல் உண்மை வாயில் வந்துவிட்டது. "அங்க நான் என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். இங்க வந்தா எனக்கு என்ன வேலைன்னே தெரியலைங்க. எல்லாம் நான் இல்லாமலே நடக்குது."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "வேலைக்கா ஒன்னக் கூப்புட்டேன்?"

இரண்டு வருடம்தான், அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை என்றேன். "அத எங்கிட்டச் சொல்லாத. செலின்கிட்டச் சொல்லு" என்றார். கீழே மணி அடித்தது. போய்விட்டார்.

செலினிடம் மறுநாள் சொன்னேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "அப்ப நான் ஏழாவது போயிருவேன்" என்றாள். "நீ எங்கிட்ட பதினாலு நாள்னுதான சொன்ன. அதுக்கப்பறம் கொஞ்ச நாள்ல வந்துருவன்னு அப்பா சொன்னாங்க. யாரு பொய் சொன்னீங்க?" நான்தான் என்றேன். எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் பேச்சில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எனக்கு எதிரே உட்கார மாட்டாள். மாரியக்கா மட்டும் என் தட்டில் இன்னொரு கரண்டிக் குழம்பை ஊற்றிவிட்டு, "கோவம் இருக்குற வரைக்கும் நல்லதும்மா" என்றார்.

வியாழக்கிழமை மதியம் ஆறாம் நம்பர் கதவு திறந்தது. தன் தலையணையோடு வந்து, என் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். "பேச மாட்டேன். தூங்க மட்டும்தான் வந்தேன்." தூக்கத்தில் ஒரு காலைத் தூக்கி என்மேல் போட்டாள். பாதம் என் பாதத்தைவிட இரண்டு விரல்தான் சின்னது. இரண்டு வருடத்தில் அந்த இரண்டு விரலும் இருக்காது.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு என்னை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போகக் கார் வரவிருந்தது. ஆறாம் நம்பருக்கு அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டதால், பெட்டிகளைக் கீழே இறக்கிவிட்டு வரவேற்பறையில் நின்றுகொண்டிருந்தோம். அப்போது ஒரு குடும்பம் உள்ளே வந்தது. கரூர்க்காரர்கள். கொடைக்கானலிலிருந்து இறங்கும் வழியில் வண்டி பழுதாகிவிட்டதாம். அந்தப் பெண்ணின் தோளில் ஒரு வயதுக் குழந்தை அழுது அழுது ஓய்ந்து கிடந்தது. ஏறிய லாட்ஜில் எல்லாம் அறை இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

"இங்கயும் ரூம் இல்லையேம்மா" என்றார் அருள்.

அவர் தலைக்குப் பின்னால் ஆணியில் ஒரே ஒரு சாவி தொங்கியது, ஒன்பதாம் நம்பருடையது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவர் பார்த்தார். செலின் பதிவேட்டின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மேசையைச் சுற்றிப் போய் அந்தச் சாவியை எடுத்தேன். அருள் நகர்ந்து வழி விட்டார். "பேரச் சொல்லுங்க" என்று செலின் அவர்களிடம் கேட்டாள். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. ஆனால் எழுதினாள்.

அந்தப் பெண்ணின் பையை வாங்கிக்கொண்டு மாடி ஏறினேன். கதவைத் திறந்து ஜன்னலைத் திறந்துவிட்டேன். மலைக்கோட்டைப் பாறையில் சாயங்கால வெயில் அடித்துக்கொண்டிருந்தது. குழந்தையைக் கட்டிலில் படுக்கவைக்கச் சொல்லி, நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை, பசிதான். சமையல் மேடையில் நின்று கேஸைத் திருகி, அடுப்பைப் பற்றவைத்துக் காட்டினேன். நீல நிறத்தில் சீராக எரிந்தது.

"இதுல பால் காய்ச்சிக்கங்க. பாத்திரம் கீழ இருந்து அனுப்புறேன்."

"லாட்ஜ் மாதிரியே இல்லைங்க்கா. வீடு மாதிரி இருக்கு" என்றாள் அந்தப் பெண், சுற்றிப் பார்த்துக்கொண்டே. கீழே தெருவில் என்னை ஏற்றிப்போக வந்த கார் ஹாரன் அடித்தது. அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க இங்கயேதான் இருக்கீங்களா?"

ஹாரன் இன்னொரு தடவை அடித்தது.

"ஆமா" என்றேன். "இங்கதான் இருக்கேன். எது வேணும்னாலும் கூப்புடுங்க."